இருபத்தேழாம் நாள் புதுமை

எங்கள் வீட்டில் கதைப்புத்தகத்துக்குத் தடை இருந்தது. அம்மா பேய்க்குப் பயப்படமாட்டார், பாம்புக்குப் பயப்படமாட்டார், நாவலுக்குப் பயப்பட்டார். அதை வாசிக்கிற பெட்டைகள் முதலில் சோற்றை அடிப்பிடிக்க விடுவார்கள், பிறகு யாரோடாவது ஓடிப்போவார்கள் என்பது அவருடைய முடிவு. ஆகவே நான் பக்தையானேன். வேறு வழி இருக்கவில்லை.

கோயில் அலுமாரியில் நாற்பது புத்தகங்கள் அளவில் இருந்தன. எல்லாம் புனிதர்களும், விசுவாசத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சிகளும். அவற்றை எடுத்துவர அம்மா சந்தோஷமாக அனுமதித்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அவற்றையும் அடுப்பில் வைத்திருப்பார். கொதிக்கிற எண்ணெய்க் கொப்பரை, பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கட்டில், பட்டினி போட்டுத் திறந்துவிட்ட சிங்கம், பல்லைப் பிடுங்குகிற குறடு என்று, ஒரு மனிதரை எத்தனை விதமாகக் கொல்லலாம் என்பது பதினாறு வயதுக்குள் எனக்கு மனப்பாடம். காதலுக்கும் குறைவில்லை. ராசகுமாரன் ஒருவன் கன்னி ஒருத்தியைக் கண்டு மயங்குவான். அவள் மாட்டேன் என்பாள். அவன் அவளை நிலவறையில் போடுவான். நான் மத்தியானச் சோற்றைக் கிளறிக்கொண்டே அடுத்த பக்கத்தைத் திருப்புவேன். சோறு அடிப்பிடிக்கும். வேதசாட்சியை வாசித்துப் பிடித்த அடி என்பதால் அம்மா ஒன்றும் சொல்லமாட்டார்.

பொழுதுபோக்குக்கு மட்டும்தான் வாசித்தேன் என்று நினைக்கவேண்டாம். நான் விசுவாசித்தேன். இப்போதும் விசுவாசிக்கிறேன். ஆனால் என்னுடைய விசுவாசம் முழங்காலில் நிற்கிற சாதி அல்ல. மாதாவை நான் அடுத்த வீட்டில் இருக்கிற, கொஞ்சம் வசதியான ஒரு பெரியம்மாவாகத்தான் எண்ணியிருந்தேன். கேட்டால் தருவார், சில நேரம் கேட்காத மாதிரி இருப்பார். அப்போது கோபித்துக்கொண்டு இரண்டு நாள் செபமாலை சொல்லாமல் விடுவேன். அவரும் பொறுத்துக்கொள்வார்.

வெள்ளைக்காரன் துறைமுகத்தில் தன் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. எனக்கு இருபத்திரண்டு வயது. மே மாதம் மாதாவின் மாதம். கரையோரத்தில் இருந்த எங்கள் சின்னக் கோயிலில் முப்பத்தொரு நாளும் பின்னேரம் ஆறு மணிக்குச் சனம் கூடும். செபமாலை முடிந்ததும் ஒருவர் முன்னுக்குப் போய், அந்த மாதத்துக்கென்றே இருக்கிற புத்தகத்திலிருந்து அன்றைய நாளுக்கு உரியதை வாசிக்கவேண்டும். முதலில் தியானம். அடுத்தது புதுமை. அதாவது, மாதா எங்கோ ஒரு தேசத்தில் யாரோ ஒருவருக்குச் செய்த அற்புதத்தின் கதை. தியானம் வாசிக்கும்போது சனம் விசிறிக்கொண்டிருக்கும், நுளம்பு அடிக்கும், பின்னுக்கு இருக்கிறவர்கள் மீன் விலை கதைப்பார்கள். "புதுமை" என்று வாசிக்கிறவர் சொன்னதும் விசிறிகள் நின்றுவிடும்.

அதுவரை வாசித்தவர் மூப்பர். கோயில் திறப்பும் மணிக்கயிறும் அவர் கையில் இருந்தன. அவர் வாசித்தால் பசாசுக்கே கொட்டாவி வரும். அந்த வருடம் அவருக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்ததால் வேலை எனக்கு வந்தது. அவருடைய கண்ணுக்காகக் கவலைப்பட்டேன் என்று சொன்னால் அது பொய்.

நான் குரல் மாற்றி வாசித்தேன். பசாசுக்கு ஒரு குரல், மனந்திரும்புகிற கள்ளனுக்கு ஒரு குரல், மாதாவுக்கு எங்கள் பெரியாஸ்பத்திரித் தாதி ஒருத்தியின் குரல். இரண்டாம் கிழமையே சனம் உட்காருகிற வாங்குகள் நிறைந்துவிட்டன. கிண்ணியாவிலிருந்து வந்து மீன் விற்கிற முஸ்லிம் நானா ஒருவர் வீடு திரும்பும் வழியில் வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு, புதுமை முடியும்வரை வெளியே நிற்பார். பாதியில் போகவேண்டி வந்தால் மறுநாள் காலை மீனோடு வந்து, அம்மாவிடம் முடிவைக் கேட்பார்.

"அந்தக் கள்ளனுக்குக் கடைசியிலை என்ன நடந்தது?"

"அவன் சந்நியாசியாப் போயிட்டான்."

"அட, நான் தூக்கிலை போடுவாங்கள் எண்டெல்லோ நினைச்சனான்" என்று ஏமாற்றத்தோடு சூடை மீனை நிறுப்பார்.

இருபத்திரண்டாம் நாள் காலை, அன்றைய பகுதியை ஒருதரம் பார்த்துவைப்போம் என்று புத்தகத்தைத் திறந்தேன். அந்த இடத்தில் புத்தகம் இல்லை. கறையான் பின்னட்டையால் ஏறி, முப்பத்தொன்றில் தொடங்கி இருபத்திரண்டு வரை தின்றுகொண்டே வந்திருந்தது. மிஞ்சியது ஓரம் மட்டும். மூப்பரிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். "அப்ப இன்னும் அம்பத்துமூண்டு மணியை உருட்டுவம்" என்பார். பத்து நாளைக்கு இரட்டைச் செபமாலை. நிறைந்த வாங்குகள் காலியாகும். எனக்குக் கிடைத்த ஒரே மேடையும் போகும். நான் புத்தகத்தை மூடினேன். பின்னேரம் அதே இடத்தில் விரித்து, கறையான் மிச்சம் விட்ட ஓரத்தைப் பார்த்தபடி, என் வாயில் வந்ததை வாசித்தேன்.

கஷ்டமாக இருக்கவில்லை. பத்து வருடமாக நாற்பது புத்தகத்தையும் திரும்பத் திரும்பத் தின்றவள் நான். இத்தாலி தேசத்திலே ஓர் பட்டணத்திலே ஓர் துஷ்டன் இருந்தான் என்று தொடங்கினால் மிச்சம் தானாக ஓடும். தியானத்தை நாலு வரியில் முடித்தேன். அந்தப் பத்து நாளும் தியானம் குறுகிப் புதுமை நீண்டதை ஒருவரும் முறையிடவில்லை. இருபத்துநாலாம் நாள் ஒரு செத்த கழுதை உயிர்த்தெழுந்து உலோபி ஒருவனுக்குப் புத்தி சொன்னது. அது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் மூப்பர் வந்து, "இதை நான் வருஷா வருஷம் வாசிச்சனான், இப்பதான் விளங்கினது" என்றார்.

பிறகு இருபத்தேழு வந்தது.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி ஓர் அக்கா இருந்தார். எனக்குச் சொந்தமில்லை, முறைக்கு அக்கா. அவருடைய மனுசன் சரக்குக் கப்பல் குசினியில் சமையல் வேலைக்குப் போய் இரண்டு வருடம். முதலில் மாதம் ஒரு கடிதம் வந்தது. பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று. கடைசிக் கடிதம் வந்து பதினொரு மாதம். அக்கா தினமும் முன்வாங்கில் இடப்பக்கம், மாதாவின் சுரூபத்துக்கு நேர் கீழே இருப்பார். அழமாட்டார். மற்றவர்கள் மாதாவைப் பார்த்துக் கெஞ்சுவார்கள், இவர் பதில் கேட்டு நிற்கிறவர் போலப் பார்ப்பார்.

அன்று நான் வேறு ஏதோ ஒரு கதையோடுதான் போனேன். "புதுமை" என்று சொல்லிவிட்டுத் தலையை நிமிர்த்தியபோது அவருடைய முகம் தெரிந்தது. துறைமுகப் பட்டணம் ஒன்றிலே ஒரு கப்பல் குசினிக்காரனின் பெண்சாதி இருந்தாள் என்று வாய் தானாகத் தொடங்கிவிட்டது. அக்கா நிமிர்ந்தார். அந்த நிமிர்வைப் பார்க்க எனக்குச் சொல்லமுடியாத ஆனந்தம். இன்னும் கொஞ்சம் நிமிரட்டும் என்று கதையை நீட்டினேன். புருஷனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அவள் மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைக்கிறாள். அவன் வரும்வரை உப்புத் தொடமாட்டேன் என்கிறாள். ஒன்பதாம் நாள் அவன் வாசலில் வந்து நிற்கிறான்.

உப்பு எங்கிருந்து வந்தது? அன்று மத்தியானம் அம்மா மறதியில் சொதிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டார். எனக்கு அந்நேரம்வரை தாகம் அடங்கவில்லை. புதுமையின் மூலம் அவ்வளவுதான்.

முப்பத்தோராம் நாள் சுற்றுப்பிரகாரம் முடிந்து, ஆட்கள் மெழுகுதிரியை அணைத்துக்கொண்டு கலைந்தபோது அக்கா என்னிடம் வந்தார்.

"பிள்ளை, அந்தப் பெம்பிளை கருவாடும் தொடயில்லையோ?"

"எந்தப் பெம்பிளை அக்கா?"

"உப்பை விட்டவ. கருவாட்டிலை உப்பிருக்கெல்லோ. பேக்கரியிலை பாணுக்கும் போடுறவங்கள். நான் நாலு நாளாப் பாணும் விட்டிட்டன், பிழை வரக்கூடாது எண்டு."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. கதை சொன்ன வாய் அல்லவா, அது இன்னொரு கதை சொன்னது.

"பாண் சாப்பிடலாம் அக்கா. கருவாடும் சாப்பிடலாம்."

"புத்தகத்திலை அப்பிடிப் போட்டிருக்கோ?"

"ஓம்" என்றேன்.

"நீர் பாவம் பாத்துச் சொல்லுறீர்" என்றுவிட்டுப் போனார். பாணும் தொடவில்லை, கருவாடும் தொடவில்லை.

ஒன்பது நாள் முடிந்தது. மனுசன் வரவில்லை. எங்கோ தான் பிழைவிட்டிருக்கவேண்டும் என்று அக்கா முதலிலிருந்து மறுபடி தொடங்கினார். அதுவும் முடிந்து மூன்றாம் முறையும் தொடங்கினார். கச்சான் காற்று அனலாக அடிக்கிற காலம். சும்மா இருக்கிறவருக்கே வேர்வை உப்பாகப் பூக்கும். அவர் வெறும் சோறும் உப்பில்லாத சொதியும் தின்றுகொண்டு கிணற்றில் தண்ணீர் அள்ளினார். கன்னம் ஒட்டியது. நிலாவெளி உப்பு வண்டில் ஒழுங்கையால் வரும்போது அவர் கதவைச் சாத்திக்கொள்வதைக் கண்டேன். அம்மா அவரைப் பார்த்துப் பேசிவிட்டு வந்து, "சைவச் சனமே விரதத்துக்கு உப்பை விடுகுது, எங்களுக்கென்ன எண்டு கேக்கிறா. ஆர் இந்தப் பைத்தியத்தை அவவின்ரை தலையிலை ஏத்தினது?" என்றார். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். சிரட்டையையும் சேர்த்துத் துருவினேன்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது அக்கா வாசற்படியில் மயங்கி விழுந்தார். ஆட்கள் முகத்தில் தண்ணீர் தெளித்துத் தூக்கி உட்காரவைத்தார்கள். யாரோ உப்பும் தேசிக்காயும் கரைத்துக் கொண்டுவந்தார்கள். அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. இந்த மனுசி செத்தால் கொன்றது நான். வேதசாட்சிகளைக் கொன்றவர்களுக்காவது ஒரு ராசா கட்டளை கொடுத்திருந்தான்.

அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கூண்டுக்குள் இருந்த எங்கள் கோயில் சுவாமியார் நல்ல மனிதர், நண்டுக் கறிக்கு அடிமை, மத்தியானத்துக்குப் பிறகு கண்ணைத் திறந்து வைத்திருக்கப் பாடுபடுவார். நான் சொல்லத் தொடங்கியதும் நித்திரை முறிந்துவிட்டது.

"பத்து நாளும் நீயே கட்டினதோ?"

"ஓம் சுவாமி."

"அந்தக் கழுதையும்?"

"ஓம் சுவாமி."

வலைக்கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. இருமல் என்றுதான் நம்பினேன். கழுதையை வைத்து அவர் இரண்டு ஞாயிறு பிரசங்கம் செய்திருந்தார். பிறகு அவர், "அவவிட்டைப் போய்ச் சொல்லு. சொல்லிப்போட்டு வா. அதுக்கு முதல் நற்கருணைக்கு வரவேண்டாம்" என்றார். அவ்வளவுதான். அபராதமாக ஐம்பத்துமூன்று மணிச் செபமாலையை எதிர்பார்த்துப் போனவளுக்கு அது சவுக்கடி.

திங்கட்கிழமை மத்தியானம் அக்காவின் வீட்டுக்குப் போனேன். கதிரையைக் காட்டினார். நான் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். கறையான், மேடை ஆசை, அம்மாவின் சொதி, எல்லாம். அப்படி ஒரு பெண் எந்தத் தேசத்திலும் இருக்கவில்லை, அந்த ஒன்பதாம் நாளும் நான் கட்டினதுதான், என்னை அடியுங்கள் என்றேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஊருக்கெல்லாம் சொல்லுவார், இனி என்னை யாரும் வாசிக்க விடமாட்டார்கள் என்ற நினைப்பும் அந்த அழுகைக்குள் கொஞ்சம் இருந்தது. ஒளிக்க விரும்பவில்லை.

அக்கா எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தார். சேலைகளுக்குக் கீழிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். கோயிலில் இருந்த அதே புத்தகம். கறையான் தொடாதது. இருபத்திரண்டும் இருந்தது, முப்பத்தொன்றும் இருந்தது.

"அம்மா எனக்குக் கலியாணத்துக்குத் தந்தது" என்றார். "நீர் கழுதையை வாசிச்ச அண்டைக்கே வந்து தேடிப் பாத்தனான்."

"தெரிஞ்சுகொண்டே ஏன் அக்கா உப்பை விட்டனீங்கள்?"

அவர் புத்தகத்தைத் திருப்பி வாங்கி, ஒவ்வொரு பக்கமாகத் தட்டினார்.

"இதிலை முப்பத்தொரு புதுமை இருக்கு. ராசாவின்ரை மகள் இருக்கிறா, வியாபாரி இருக்கிறார், கன்னியாஸ்திரி இருக்கிறா, கள்ளர் எத்தினையோ பேர். நான் பதின்மூண்டு வருஷமா வாசிக்கிறன். ஒரு குசினிக்காரன்ரை பெஞ்சாதி வரயில்லை. நீர் வாசிச்ச அண்டைக்குத்தான் அவ வந்தவ. பொய்யெண்டாலும் என்னை நினைச்சு ஒராள் சொன்ன பொய்தானே பிள்ளை. அதை நான் எப்பிடி விடுறது?"

இவ்வளவும் சொல்லிவிட்டுச் சோறு போடக் குசினிக்குப் போனார். எனக்கும் ஒரு கோப்பையில் போட்டு, உப்பில்லாத பூசணிக்காய்ச் சொதியை ஊற்றினார். இரண்டு வாய் தின்றேன். சவர்க்காரம் இல்லாமல் தோய்த்த துணி மாதிரி இருந்தது. இதை ஒரு மாதமாகத் தின்றிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் அல்ல, பெரியம்மா மாதிரி மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்மேல்.

"அக்கா, அந்தக் கதையிலை ஒரு இடம் நான் வாசிக்காமல் விட்டிட்டன்" என்றேன்.

"என்ன இடம்?"

"மூண்டு தரம் ஒன்பது நாள் முடிஞ்ச உடனை மாதா அவளுக்குத் தோன்றி, காணும் பிள்ளை, இனி உப்புப் போட்டுச் சாப்பிடு, அவன் வந்தாலும் சாப்பிடு, வராட்டிலும் சாப்பிடு எண்டு சொன்னவ."

அக்கா என்னைப் பார்த்தார். ஒட்டிய கன்னத்தில் சிரிப்பு வர நேரம் எடுத்தது.

"புத்தகத்திலை அப்பிடிப் போட்டிருக்கோ?"

"ஓம்" என்றேன்.

அவர் உப்புச் சிரட்டையை இழுத்து, மூன்று விரலால் அள்ளித் தன் சொதியில் போட்டுப் பிசைந்தார். முதல் வாயைத் தின்னும்போது கண்ணால் தண்ணீர் ஓடியது. தின்றுகொண்டே ஓடியது. நான் என் கோப்பையையும் நீட்டினேன்.

அவர் ஊருக்குச் சொல்லவில்லை. தன் புத்தகத்தைக் கோயிலுக்குக் கொடுத்தார். கறையான் தின்றதை மூப்பரிடம் சொன்னோம், எப்போது தின்றது என்று மட்டும் சொல்லவில்லை. அடுத்த மே மாதமும் நான்தான் வாசித்தேன், அதற்கடுத்ததும். முப்பது நாளும் அச்சில் உள்ளபடி. இருபத்தேழாம் நாள் மட்டும் முன்வாங்கில் இடப்பக்கம் ஒரு தலை மெதுவாக ஆடும். நான் அச்சை விட்டுவிட்டுக் குசினிக்காரனின் பெண்சாதியை வாசிப்பேன். யாரும் கேட்கவில்லை. சுவாமியார் கேட்டிருக்கலாம், அன்றைக்கு மட்டும் அவர் எங்காவது நண்டு சாப்பிடப் போய்விடுவார். அக்காவின் மனுசன் வரவில்லை. கடிதமும் வரவில்லை. கப்பல் தாழவுமில்லை, அது இரண்டு தரம் எங்கள் துறைமுகத்துக்கே வந்து போனது, வேறு குசினிக்காரனோடு. என் கதையில் மட்டும் அவன் வருடாவருடம் ஒன்பதாம் நாள் வாசலில் வந்து நின்றான். இதற்காக மாதாவோடு எனக்கு இன்னும் மனஸ்தாபம் உண்டு. அவருக்கும் அது தெரியும்.

ஏழாம் வருடம், இருபத்தேழாம் நாள் பின்னேரம், மணி அடிக்க முதல் அக்கா என்னைக் கோயில் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். முகம் கழுவி, பூப்போட்ட சேலை உடுத்திருந்தார். நான் பல வருடம் காணாத சேலை.

"இந்தமுறை அவன் வரவேண்டாம் தங்கச்சி" என்றார்.

"அப்ப என்ன செய்யிறது அக்கா?"

"நீர் அண்டைக்கு வாசிக்காமல் விட்ட இடத்தை வாசியும்."

வாசித்தேன். ஒன்பது நாள் முடிந்தது, அவன் வரவில்லை. பதினெட்டு முடிந்தது. இருபத்தேழு முடிந்தது. மாதா தோன்றிக் காணும் என்றார். அவள் உப்புப் போட்டுச் சாப்பிட்டாள். நான் புத்தகத்தை மூடினேன். வாசலில் சைக்கிளோடு நின்ற கிண்ணியா நானா இன்னும் போகவில்லை.

மூப்பர் கண் தெரியாமல் என் பக்கம் திரும்பி, "என்ன பிள்ளை, அவன் வரயில்லையே. இதிலை என்ன புதுமை இருக்கு?" என்று சத்தமாகக் கேட்டார்.

முன்வாங்கிலிருந்து அக்காதான் சொன்னார்.

"அவள் சாப்பிட்டவளெல்லோ."